சதுரப் புள்ளிகளும் கரகரத்த குரலும்

ஸ்பெயினின் சிலோஸ் மடத்துத் துறவிகள் பல ஆண்டுகளுக்கு முன்னரே பாடிப் பதிவுசெய்திருந்த கிரெகோரியன் கீதங்கள், 1994-ஆம் ஆண்டில் புதிய உறையிட்டு வெளிவந்து லட்சக்கணக்கில் விற்றபோது, அலுத்த மனத்துக்குச் சாந்தி தேடியே பலரும் அவற்றை வாங்கினார்கள் என்பதில் எனக்கு ஆட்சேபம் ஏதுமில்லை. ஆனால், இடைக்காலப் பாட்டு என்றாலே அந்தச் சலனமற்ற, ஒரே சீரான நடைதான் என்று உலகம் நம்பிவிட்டதே, அதைத்தான் ஏற்க முடியவில்லை. பிரான்சின் சொலெம் மடத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழைய ஏடுகளை வெகு சிரத்தையோடு ஒப்புநோக்கி வகுத்த பாணி அது. பதினான்காம் நூற்றாண்டுக் கீதப் பிரதிகளிலோ, நான்கு கோடுகளின்மேல் ஏறியும் இறங்கியும் நிற்கும் சதுரப் புள்ளிகள் ஸ்வரஸ்தானத்தைச் சொல்லுமேயன்றி, எதை நீட்டுவது, எங்கே அசைப்பது என்பதைப் பெரும்பாலும் பாடகரின் சம்பிரதாயத்துக்கே விட்டுவிடும்.

அந்த இடைவெளியில் துணிந்து புகுந்தவர் பிரெஞ்சு இசைஞர் மார்செல் பெரெஸ். 1982-இல் அவர் நிறுவிய 'ஆன்சாம்பிள் ஓர்கானும்' குழுவினர், கார்சிகா தீவின் பாடகர்களையும் சேர்த்துக்கொண்டு, பதினான்காம் நூற்றாண்டு இசையமைப்பாளர் கீயோம் தெ மஷோவின் பல்குரல் இசையான நோத்ருதாம் பூசையை, இடையிடையே ஒற்றையிசைக் கீதங்களையும் கோத்துப் பதிவுசெய்திருப்பதைக் கேட்டால், அடித்தொண்டையிலிருந்து எழும் கனத்த குரலும், ஸ்வரங்களுக்கிடையே உதிரும் பிருகாக்களும் முதலில் திடுக்கிட வைக்கும். இப்படிப் பாடுவதற்கு ஆதாரம் போதாது என்று பண்டிதர்கள் சிலர் கண்டிக்கிறார்கள். கண்டிக்கட்டும், சீரான நடைக்கு மட்டும் ஆதாரம் குவிந்தா கிடக்கிறது? கேட்க விரும்புவோர் பூசையின் முதற்பகுதியான 'கிரியே'யிலிருந்து தொடங்கலாம். அண்டை வீட்டார் என்ன நினைத்தாலும் சரி, ஹெட்போனைக் கழற்றிவிட்டு அறை முழுதும் ஒலிக்க விடுங்கள்.