வள்ளத்தின் தோல்

வைகாசி பிறந்தால் எங்கள் பக்கத்துச் சனம் இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரு பகுதி தக்காளிக் கன்றையும் மிளகாய்க் கன்றையும் வெளியே வைக்கலாமா, இன்னொருக்கால் பனி கொட்டுமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். மற்றப் பகுதி, குளிர்காலம் முழுக்க வெள்ளைப் பிளாஸ்ரிக்கால் சுற்றிக் கிடந்த படகுகளை உரிக்கத் தொடங்கும். ஸ்ரௌவ்வில்லுக்குள்ளேயே மசெல்மன் ஏரி இருக்கிறது. ஆனால் படகுக்காரர் ஹைவே 48 இல் ஏறி வடக்கே சிம்கோ ஏரிக்குத்தான் போவார்கள். விக்ரோறியா தினத்து நீண்ட வார இறுதியில் அந்த வீதியில் ரெயிலர்களுக்குப் பின்னால் ஊர்ந்துதான் போகவேண்டும்.

எங்கள் குடும்பம் சென்ற வருடம்வரை தக்காளிக் கட்சி. சென்ற வருடம் பெரியப்பா ஒரு பழைய படகு வாங்கினார். பதினேழு அடி, கண்ணாடிநார்ப் படகு, ரெயிலரோடு மலிவு விலை. ஏன் மலிவு என்று வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவியபோது தெரிந்தது. அணியத்தில், அதாவது முன்பக்கத்தில், தண்ணீர்க் கோட்டுக்குச் சற்றுக் கீழே உள்ளங்கை அளவில் ஒரு திட்டு. சுற்றிலும் சிலந்தி வலைபோல மெல்லிய வெடிப்புகள். நடுவில் யாரோ கார் ஒட்டுகிற புட்டியை அப்பி, மேலே வெள்ளைப் பெயின்ற் அடித்திருந்தார்கள்.

ஆடி மாதம் எங்கள் இளையோர் குழுவின் ஒன்றுகூடல் சிம்கோ ஏரிக்கரையில் நடக்கவிருந்தது. படகு வாங்கிய செய்தி அதற்குள் பரவிவிட்டது. ஒன்பது வயதுப் பிள்ளை தொடக்கம் பல்கலைக்கழகம் போகிற பொடியன்வரை எல்லோரும் ஓடிப் பார்க்கப் பெயர் கொடுத்தாயிற்று. பெரியப்பாவின் மகன், என் அண்ணன், கடையில் ஒரு சின்னப் பெட்டி வாங்கி வந்தான். வெடிப்புக்கு மேலே பூசி, காயவைத்து, தேய்த்தால் சரி, ஒரு சனிக்கிழமை வேலை என்று பெட்டியில் போட்டிருந்தது.

பெரியப்பா அந்தப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "காசுக் குத்தி ஒண்டு எடு தம்பி. தட்டிப் பார். சத்தம் எங்கை மாறுது எண்டு சொல்லு."

25 சதக் குத்தியால் தட்டிக்கொண்டு போனேன். நல்ல இடத்தில் கிண் என்று இறுக்கமான சத்தம். அந்தத் திட்டுக்குக் கிட்ட வரும்போது சத்தம் மழுங்கிப்போனது. மழுங்கிய இடம் கண்ணுக்குத் தெரிந்த வெடிப்பைவிட இரண்டு மடங்கு பெரிது. பெரியப்பா பென்சிலால் அதைச் சுற்றிக் கோடு போட்டார். கோடு நடுங்கி நடுங்கித்தான் வந்தது. இருபத்தேழு வருடம் ஸ்காபரோவில் பிளாஸ்ரிக் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த கை அது. இப்போது ஒரு கோப்பைத் தேநீரையும் இரண்டு கையாலும்தான் பிடிப்பார். இந்த வேலையை அவரால் தனியாகச் செய்ய முடியாது. அண்ணனுக்குப் பொறுமை இல்லை. ஆகவே அவர் சொல்ல நான் செய்வது என்று முடிவாயிற்று.

பெரியப்பாவைச் சபையில் எல்லோருக்கும் தெரியும். அவர் இளவயதில் காரைநகர்ப் படகுத்துறையில் வேலை செய்தவர் என்பது பலருக்குத் தெரியாது. 1956 இல் நோர்வேக்குப் போன யாழ்ப்பாணத்தவரான அன்ரனி இராஜேந்திரம் அவர்களின் முயற்சியால், நோர்வே மக்களின் உதவியோடு, 1960களின் பிற்பகுதியில் சீ-நோர் நிறுவனம் தொடங்கியது. குருநகரில் வலைத் தொழிற்சாலை, காரைநகரில் படகுத்துறை. மரத்தால் வள்ளம் கட்டிய கரையில் அச்சுக்குள் வள்ளம் வார்க்கிற வேலை வந்தது. பதினெட்டு அடியளவு பைபர் வள்ளமும் பின்னால் கொளுவுகிற மோட்டரும்தான் இன்று வடக்குக் கிழக்குக் கரையெங்கும் காண்பது.

அச்சுக்குள் வார்ப்பது என்றால் என்ன என்று அவர் எனக்குச் சொன்ன விதம் மறக்காது. முதலில் அச்சின் உட்புறத்துக்கு மெழுகு பூசி, முகம் தெரியுமளவுக்கு மினுக்கவேண்டும். வார்த்தது அச்சோடு ஒட்டாமல் கழன்று வர அதுதான் வழி. பிறகு நிறம் கலந்த தடித்த பொலியெஸ்ரர் றெசினை அரை மில்லிமீற்றர் அளவில் அடிப்பார்கள். இதற்குப் பெயர்தான் ஜெல்கோட். அது இறுகிய பிறகு கண்ணாடிநார் விரிப்பை வைத்து, றெசின் ஊற்றி, உருளையால் காற்றுக் குமிழி போக உருட்டி, அதற்குமேல் இன்னொரு விரிப்பு. கடைசியில் அச்சிலிருந்து கழற்றினால் பளபளவென்று வள்ளம் வரும். ஆகவே வெளியே தெரிகிற மினுக்கம் கடைசியாகப் பூசிய பெயின்ற் அல்ல. வள்ளம் பிறந்த முதல் நாளே வந்த தோல். பெரியப்பா சொன்னது இது: "கட்டேக்கை வெளியைத்தான் முதல் செய்யிறது. திருத்தேக்கை உள்ளுக்கை இருந்து வெளியாலை வரவேணும். அந்தப் பெட்டிக்காரன் வெளியிலை மட்டும் நிக்கிறான்."

ஜெல்கோட்டுக்குள் நார் கிடையாது. அதனால் அது கடினமானது, ஆனால் வளையாது. பின்னால் இருக்கிற நார்ப்படை அடிபட்டு வளைந்தால் தோல்தான் முதலில் வெடிக்கும். சும்மா ஒரு சுரண்டல் என்றால் நிரப்பித் தேய்த்துவிடலாம். நட்சத்திரம்போல வெடித்திருந்தால் பின்னால் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். வெடிப்பின் வழியே தண்ணீர் நாருக்குள் இறங்கும். கனடாக் குளிரில் அந்தத் தண்ணீர் உறைந்து ஏறத்தாழ 9 வீதம் பருக்கும். ஒவ்வொரு குளிர்காலமும் படைகளை இன்னும் கொஞ்சம் பிரித்துவிட்டுப் போகும். இந்தத் தொல்லை காரைநகரில் இருக்கவில்லை.

வெடிப்பைப் பூசுவதற்கு முன் அதைப் பெரிதாக்கவேண்டும். முடிவுவரை வீ எழுத்துப்போலத் தோண்டினால்தான் புதிய ஜெல்கோட் உள்ளே இறங்கிப் பிடிக்கும். அதற்கு இங்கே பழைய படகுக்காரர் தகரப்பேணி திறக்கிற கூரான ஆயுதத்தைப் பயன்படுத்துவார்களாம். ஆங்கிலத்தில் அதற்குப் பட்டப்பெயர் 'சேர்ச் கீ', அதாவது கோயில் திறப்பு. பியர் திறக்கிற சாமானுக்கு ஏன் இந்தப் பெயர் என்று பெரியப்பா கேட்டார். எனக்கு விளங்கவில்லை, போதகரிடம் கேட்கவும் துணிவு வரவில்லை.

எங்கள் படகுக்கு அந்தத் திறப்புப் போதவில்லை. புட்டியைச் சுரண்டி எடுத்ததும் உள்ளே ஈரம். கார்ப் புட்டியில் கலக்கிற தூள் நீரை உறிஞ்சும். தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே அதைப் போடவே கூடாது. பிரிந்த நாரை எல்லாம் அரைத்து எடுத்தபோது மூன்று மில்லிமீற்றர் ஆழத்துக்கு நல்ல படையே இல்லை. ஒரு பங்கு ஆழத்துக்குப் பன்னிரண்டு பங்கு சரிவு என்பது கணக்கு. விளிம்பு அப்படிச் சரிந்திருந்தால்தான் புது நார் பழைய நாரோடு போதிய இடத்தில் ஒட்டிப் பாரத்தைத் தாங்கும். உள்ளங்கை அளவுத் திட்டு சாப்பாட்டுக் கோப்பை அளவாகிவிட்டது. அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "இருந்த ஓட்டையை விடப் பெரிசாக்கிப் போட்டியள்" என்றான். அவன் சொன்னது உண்மைதான்.

பெரியப்பா அன்றைக்கு ஏன் அவ்வளவு பிடிவாதமாக நின்றார் என்று நான் பிறகுதான் கேட்டேன். 2004 மார்கழி 26 சுனாமிக்குப் பிறகு அவர் அடுத்த கோடையில் ஊருக்குப் போயிருந்தார். வடமராட்சி கிழக்குக் கரையில் நன்கொடையாக வந்த புது வள்ளங்கள் வரிசையாய் நின்றனவாம். வெளியே கண் கூசும் மினுக்கம். ஒன்றுக்குள் ஏறிக் கையால் தடவினால், றெசின் ஊறாத நார் வெள்ளையாய்க் கையில் குத்தியது. அவசரத்தில் தரக்குறைவாகக் கட்டப்படும் படகுகளைப் பற்றி ஐ.நா.வின் உணவு விவசாய நிறுவனமே அந்தக் காலத்தில் எச்சரித்தது. "அதிலை ஏறிப் போறவனுக்குக் கரையிலை பிள்ளையள் நிண்டதுகள்" என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் அவர் கதைக்கவில்லை. எங்கள் படகில் ஏறப் பெயர் கொடுத்தவர்களின் பட்டியல் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்தது.

ஈரம் காய இரண்டு கிழமை. விசிறி போட்டு வைத்தோம். அதற்குள் விக்ரோறியா தினம் வந்து போய்விட்டது. அடுத்த தொல்லை குளிர். ஊரில் 32 பாகை வெயிலில் றெசின் வாளிக்குள்ளேயே கல்லாகிவிடும் என்று அவசரப்பட்டுத்தான் வேலை செய்வார்களாம். இங்கே காலையில் 9 பாகை. ஏறத்தாழ 16 பாகைக்குக் கீழே றெசின் ஒழுங்காக இறுகாது. குளிர் என்று ஹாடினரைக் கண்டபடி கூட்டவும் கூடாது, வெயில் என்று ஒரேயடியாகக் குறைக்கவும் கூடாது. 100 மில்லிலீற்றருக்கு 2 மில்லிலீற்றர் என்று ஊசிக்குழாயால் அளந்தோம். நல்ல வெயில் நாள் வரும்வரை காத்திருந்தோம். கராஜுக்குள் ஹீற்றர் போடலாமே என்று நினைப்பவர்களுக்கு: அசிற்றோனும் றெசினும் இருக்கிற இடத்தில் நெருப்புக் கூடாது. அந்த ஹாடினர் ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி, கையுறை, ஆவியைத் தடுக்கிற வடிகட்டி பூட்டிய மாஸ்க் மூன்றும் இல்லாமல் என்னை அவர் டப்பாவைத் திறக்க விடவில்லை. தான் மாஸ்க் போட்டு வேலை செய்ததில்லை என்று கேளாமலே சொன்னார்.

நார்ப்படைகளை வைத்தது ஒரு பின்னேரத்தோடு முடிந்தது. இறுகியதும் தேய்த்து, மட்டத்துக்குச் சற்றுப் பள்ளமாக விட்டு, அதற்கு மேல் ஜெல்கோட். வெள்ளை என்று நீங்கள் நினைக்கிற நிறம் கடையில் இருக்கிறது, படகில் இல்லை. இருபத்தைந்து வருட வெயில் பட்ட வெள்ளை பழைய யானைத் தந்தம் மாதிரி. மஞ்சள் ஒரு துளி, மண்ணிறம் ஊசிமுனை அளவு, கறுப்பு அதிலும் குறைய. கலந்து படகின் மேலேயே ஒரு பொட்டு வைத்து, வெளியே இழுத்து, வெயிலில் பார்க்கவேண்டும். பெரியப்பாவின் கை நடுங்கினாலும் கண் நடுங்கவில்லை. ஆறு கலவையை வேண்டாம் என்றார். ஏழாவதுக்குத் தலையாட்டினார்.

இன்னொரு புதினம். ஜெல்கோட்டின் மேற்பரப்பு காற்றுப் பட்டால் முழுதாக இறுகாது, பிசுபிசுப்பாகவே நிற்கும். அச்சுக்குள் அது ஒரு வசதி, அடுத்த படை அந்தப் பிசுபிசுப்பில்தான் ஒட்டும். திருத்தும்போது அதுவே தொல்லை. அதனால் மேலே தெளிவான மைலார் தாளை ஒட்டிக் காற்றை மறைத்தோம். அடுத்த நாள் உரித்தபோது பளிங்கு மாதிரி இருந்தது. பிறகு 320, 400, 600, 800, 1000 என்று சாண்ட் பேப்பர், பின்னிரண்டும் தண்ணீர் தொட்டு. கடைசியாக மினுக்குகிற பசையும் மெழுகும். மிஞ்சிய றெசினைக் குப்பைத்தொட்டியில் போடாமல் யோர்க் பிராந்தியத்தின் அபாயக் கழிவு நிலையத்துக்குக் கொண்டுபோனேன்.

ஒன்றுகூடலுக்கு முதல் சனிக்கிழமை சிம்கோவில் இறக்கினோம். நானும் பெரியப்பாவும் மட்டும். ஒரு மணித்தியாலம் ஓடிவிட்டு நிறுத்தினார். முன்னுக்குப் போய்ப் பலகையைத் தூக்கி, கையை உள்ளே விட்டுத் தடவி, வெளியே எடுத்துக் காட்டினார். விரல் காய்ந்திருந்தது. "சரி, பிள்ளையளை ஏத்தலாம்" என்றார். ஏற்றினோம், படகில் ஒட்டியிருக்கும் தகட்டில் போட்ட எண்ணிக்கைப்படி, எல்லோருக்கும் மிதப்புச் சட்டை மாட்டி, ஐந்து தரம்.

சரிவாக வெயில் படும்போது ஒட்டின இடம் இன்னும் தெரிகிறது. எனக்கு அதைத் தேய்த்து மறைக்க ஆசை. இனித் தேய்த்தால் தோல் மெலியும் என்று பெரியப்பா விடவில்லை.

உங்கள் வீட்டுப் படகிலும் நட்சத்திர வெடிப்பு இருந்தால், முதலில் 25 சதக் குத்தியால் தட்டிப் பாருங்கள். சத்தம் மழுங்கினால் பெரியப்பாவிடம் கேட்கலாம். பின்னேரங்களில் வீட்டில்தான் நிற்பார். மாஸ்க் நீங்களே கொண்டுவாருங்கள்.