யார் கையில் கத்தரிக்கோல்?

'தணிக்கை' என்னும் சொல்லை அரசாங்கத்துக்கு மட்டுமே உரியதாக ஒதுக்கிவைக்க வேண்டும் என்று வாதிடுவோர் உளர். எங்கள் பாடசாலையிற் குடியியல் கற்பிக்கும் நண்பர் அவர்களுள் ஒருவர். "முகநூல் ஒருவனுடைய சொந்தக் கடை. தன் கடைச் சுவரில் எதை ஒட்டவிடுவது, எதைக் கிழித்தெறிவது என்பது கடைக்காரனின் உரிமை. அரசாங்கம் பொலிசை அனுப்பிக் கிழித்தால் மட்டுமே அது தணிக்கை" என்பது அவர் கட்சி. சட்டத்தைப் பொறுத்தவரை அவர் கூற்றிற் பிழையில்லை. அமெரிக்க அரசியலமைப்பின் முதலாவது திருத்தம் கட்டுப்படுத்துவது அரசையேயன்றித் தனியாரையன்று. நமது அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்கீழ், அடிப்படை உரிமை மீறப்பட்டதென்று உயர் நீதிமன்றத்தின் படியேறுவதாயினும், மீறியது ஆட்சித்துறை அல்லது நிருவாகத்துறையின் செயலாக இருத்தல் வேண்டும்.

ஆனால், ஒரு தீங்கிற்குச் சட்டத்தில் மருந்தில்லை என்பதனால் அந்தத் தீங்கே இல்லையென்று ஆகிவிடுமா? போர்க்காலத்தை மன்னாரிற் கழித்த குடும்பத்திற் பிறந்த எனக்கு நண்பரின் இலக்கணம் போதவில்லை. என் இளமைக் காலத்தில் வடபுலத்தில் ஒரே சமயத்தில் இரண்டு கத்தரிக்கோல்கள் வேலை செய்தன. ஒன்று கொழும்பு அரசாங்கத்தினுடையது. மற்றது, எந்தச் சட்டப் புத்தகத்திலும் அரசாங்கம் என்று பெயர் பெறாத ஆயுத இயக்கத்தினுடையது. 'முறிந்த பனை' நூலை எழுதியோருள் ஒருவரான ராஜினி திராணகம 1989 செப்ரெம்பர் 21இல் யாழ்ப்பாணத்திற் சுட்டுக் கொல்லப்பட்டார். விடுதலைப் புலிகளே அதைச் செய்தனர் என்று அவருடைய தோழர்கள் எழுதிவைத்தனர். கவிஞர் செல்வியை 1991இல் புலிகள் பிடித்துச் சென்றனர், அவர் திரும்பவேயில்லை. இவர்களுடைய வாயை மூடியது அரசாங்கமன்று. ஆகவே அங்கே தணிக்கையே நிகழவில்லை என்று எவரேனும் சொல்லத் துணிவரா? ஒரு பதிவை நீக்குவதும் ஓர் உயிரை நீக்குவதும் ஒன்றல்ல. அப்படிச் சொல்பவன் பேதை. நான் சொல்ல வருவது இவ்வளவே: கத்தரிக்கோலைப் பிடித்திருக்கும் கையில் அரச முத்திரை மோதிரம் இருக்கிறதா என்று பார்த்துத் தணிக்கையை அளக்கும் பழக்கம் நம் மண்ணின் அனுபவத்துக்குப் பொருந்தாது.

பின் எதைக்கொண்டு அளப்பது? மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைப்பது ஒரே ஒரு தாம்போதி. 1990இல் இங்கிருந்த பாலம் தகர்க்கப்பட்டது. இன்றைய பாலம் திறக்கப்பட்டது 2010இல். இடைப்பட்ட காலத்தில், பாதை அடைபடுவது என்றால் என்ன என்பதை இவ்வூர் மக்கள் வயிற்றால் அறிந்தனர். இந்தத் தாம்போதியை நாளை ஒரு கம்பனி வாங்கி, "இது என் சொத்து, இன்னாரை விடமாட்டேன்" என்று கயிறு கட்டினால், சொத்துரிமை என்று நாம் வாளாவிருப்போமா?

ஒரு பத்திரிகாசிரியர் என் கட்டுரையைத் திருப்பி அனுப்பினால் அது தணிக்கையன்று. வேறு பத்திரிகை உண்டு. கையிற் காசிருந்தால் அச்சகமும் உண்டு. இன்றோ எங்கள் ஊரார் சிதறிக் கிடக்கின்றனர்: சிலர் மண்டபம் முகாமில், சிலர் ரொறன்ரோவில், சிலர் பாரிசில். ஒரு சாவு வீட்டுச் செய்திகூட இவர்களைச் சென்றடைவது இரண்டு மூன்று கம்பனிகளின் வழியாகத்தான். கைப்பேசிக்குள் ஒரு செயலி நுழைவதற்கோ பெரும்பாலும் அப்பிள், கூகிள் என்னும் இரண்டே வாசல்கள். 2019 ஒக்டோபரில் ஹொங்கொங் கிளர்ச்சிக்காரர்கள் பொலிஸ் நடமாட்டத்தை அறியப் பயன்படுத்திய வரைபடச் செயலியைச் சீன அரசுப் பத்திரிகை கண்டித்தது. மறுநாளே அப்பிள் அதை நீக்கியது. 2021 செப்ரெம்பரில் ருஷ்யத் தேர்தலின்போது நவால்னி அணியினரின் வாக்களிப்புச் செயலியை அப்பிளும் கூகிளும் ஒரே நாளில் எடுத்துவிட்டன. இங்கே கம்பனியின் கை எது, அரசாங்கத்தின் கை எது என்று நண்பர் பிரித்துக் காட்டட்டும்.

கடைக்காரனின் உரிமை என்பதும் இந்த நாட்டிற் புதிய வாதமன்று. யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் தாழ்த்தப்பட்ட மக்களுக்குப் போத்தலிற் கொடுத்தவர்களும், வாசலிலேயே நிறுத்தியவர்களும் இதையேதான் சொன்னார்கள். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் அதை ஏற்கவில்லை. ஊருக்குக் கதவு திறந்து வியாபாரம் செய்பவன், உள்ளே வருபவனை மனம்போனபடி தள்ள முடியாது என்பதை நாம் ஒருமுறை போராடி நிலைநாட்டியிருக்கிறோம்.

எங்கள் தெருவில் ஒரு மாமி இருக்கிறார். மகனை வன்னியில் இறுதிப் போரில் இழந்தவர். அவரிடமுள்ள படம் ஒன்றே ஒன்று. அதில் மகன் சீருடையில் நிற்கிறான். பள்ளிக்கூடப் படங்கள் எல்லாம் இடம்பெயர்வில் போயின. கனடாவிலுள்ள மகள் ஒரு கார்த்திகை மாதத்தில், தம்பியின் பெயரும் பிறந்த நாளும் இறந்த நாளும் எழுதி அந்தப் படத்தைத் தன் பக்கத்தில் இட்டாள். வேறொரு வாசகமும் அதில் இல்லை. சில மணி நேரத்திற் படம் போயிற்று. பக்கமும் முப்பது நாட்களுக்கு முடக்கப்பட்டது. எந்தக் கம்பனி என்பது இங்கே முக்கியமன்று. மாமி என்னிடம் வந்தார். "தம்பி, ஒரு கடிதம் எழுதித் தாங்கோ. வேற படம் இருந்தா அதைப் போட்டிருப்பம்தானே?" என்றார்.

தமிழ் வாத்தியார் என்பதால் ஊருக்கு மனு எழுதும் வேலை எனக்குத் தானாக வந்துசேர்ந்தது. கச்சேரிக்கு எழுதியிருக்கிறேன், கிராம சேவகருக்கும், காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கும் எழுதியிருக்கிறேன். பதில் வராத கடிதங்களே அதிகம். ஆயினும் அவை ஒவ்வொன்றின் இடது மூலையிலும் ஒரு பதவிப் பெயரும் ஒரு முகவரியும் இருந்தன. மாமியின் கடிதத்தில் அந்த மூலையில் எதை எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. வந்திருந்த அறிவித்தலில், சமூக விதிகளுக்கு முரணானது என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை; கையொப்பமும் இல்லை.

முகநூல் நிறுவனம் 'ஆபத்தான அமைப்புகளும் தனிநபர்களும்' என்று ஒரு பட்டியல் வைத்திருந்தது. அதை நிறுவனம் தானாக வெளியிடவில்லை. 2021 ஒக்டோபரில் 'இன்ரர்செப்ட்' என்னும் ஏடே அதை வெளிக்கொணர்ந்தது. நாலாயிரத்துக்கு மேற்பட்ட பெயர்கள். 1997இல் அமெரிக்க அரசு பயங்கரவாத அமைப்பென்று அறிவித்த விடுதலைப் புலிகள் இயக்கமும் அதில் அடக்கம். ஓர் இயக்கத்தைப் புகழ்ந்து ஆள் சேர்ப்பது வேறு. இறந்த மகனுக்குத் தாய் விளக்கேற்றுவது வேறு. இந்த வேற்றுமையைக் காணக் கண் வேண்டும். அதே ஆண்டில் நிறுவனத்தின் மேற்பார்வைச் சபை விசாரித்த வழக்கொன்று இதை நன்கு விளக்கும். குர்தியத் தலைவர் ஒச்சலான் தனிமைச் சிறையில் வைக்கப்பட்டிருப்பதைப் பற்றிய ஓர் இன்ஸ்டகிராம் பதிவு நீக்கப்பட்டிருந்தது. விசாரணையில், அத்தகைய பேச்சை அனுமதிக்கும் உள்விதி ஒன்று 2017இலேயே எழுதப்பட்டிருந்ததும், அதை நிறுவனம் மூன்றாண்டுகள் தொலைத்துவிட்டிருந்ததும் வெளியாயின. விதியைத் தொலைத்த நீதிபதியை எந்தக் கதையிலும் நான் படித்ததில்லை.

எதையுமே நீக்கக்கூடாது என்று நான் சொல்வதாக எண்ணவேண்டாம். 1990 ஒக்டோபரில் எருக்கலம்பிட்டி முஸ்லிம்களை வெளியேறுமாறு புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்ததை இத்தீவு மறக்கவில்லை. 2018 மார்ச்சில் திகனையில் முஸ்லிம் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, அந்தத் தீயை மூட்டிய சிங்களப் பதிவுகள் முகநூலில் தடையின்றி ஓடின. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020இல். சொல் கொல்லும் என்பது நமக்கு ஏட்டறிவன்று. கொல்லும் சொல்லை விட்டுவைத்து, அழும் சொல்லை அகற்றியதே என் முறைப்பாடு.

அரசாங்கத் தணிக்கை இதைவிட நல்லது என்றும் நான் கூறவில்லை. அதற்கு ஒரு முகம் இருந்தது என்கிறேன். 1928இல் பாரதியின் பாடல்களைப் பர்மிய அரசாங்கம் தடைசெய்து சென்னை அரசாங்கமும் பறிமுதல் செய்தபோது, சத்தியமூர்த்தி அதைச் சட்டசபையில் எழுந்து கேட்க முடிந்தது. 2000 மே மாதத்தில் சந்திரிகா அரசு முன்தணிக்கை விதித்தபோது யாழ்ப்பாணத்து 'உதயன்' பூட்டி முத்திரையிடப்பட்டது. ஆங்கில ஏடான 'சண்டே லீடர்' தடைசெய்யப்பட்டது. 'லீடர்' தரப்பினர் தணிக்கை அதிகாரி ஆரிய ரூபசிங்கவின் பெயரைக் குறிப்பிட்டே வழக்காடினர். அவருடைய நியமனமே செல்லாது என்று உயர் நீதிமன்றம் ஜூனில் தீர்த்தது. தணிக்கைக் காலப் பத்திரிகைகளில் வெட்டுண்ட இடம் வெள்ளையாகக் கிடந்ததை என் தந்தையார் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வெள்ளையைப் பார்த்தே வாசகன் செய்தியை ஊகித்துக்கொள்வானாம். கம்பனியின் நீக்கம் அந்த வெள்ளையைக்கூட விட்டுவைப்பதில்லை. அடுத்த பதிவு மேலே ஏறி இடத்தை மூடிவிடுகிறது.

இதன் விளைவு மொழிக்குள்ளும் வந்துவிட்டது. சென்ற தவணையில், போதைப்பொருளின் தீமை பற்றி எழுதச் சொன்ன கட்டுரையில், பத்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் 'கொ*லை' என்று எழுதியிருந்தான். இரண்டு வரி தள்ளி 'தற்*கொலை'. நடுவில் ஏன் இந்த நட்சத்திரம் என்று கேட்டேன். "முழுசா எழுதினாத் தூக்கிப்போடுவாங்கள் சேர்" என்றான். "இது கொப்பியடா, கொப்பியில் யார் தூக்குவது?" என்றேன். அவனுக்குப் பதில் தெரியவில்லை, கை பழகிவிட்டது. நன்னூலார் தகுதி வழக்கில் இடக்கரடக்கல், மங்கலம் என்று வகுத்துச் சொன்னார். அவையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல்வதும், செத்தாரைத் துஞ்சினார் என்பதும் பேசுவோர் தமக்குள் ஏற்படுத்திக்கொண்ட நாகரிகம். கொலையைக் கொலையென்று எழுத ஒரு பிள்ளை அஞ்சுவது எந்த வழக்கில் அடங்கும்? அவனுக்கு அதை விதித்தவர் எவரும் தமிழ் அவையில் அமர்ந்தவரல்லர்.

இதற்கெல்லாம் பரிகாரம் அரசாங்கமே என்று சிலர் சொல்லக்கூடும். 2024 ஜனவரியில் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம், ஜனாதிபதி நியமிக்கும் ஐவரடங்கிய ஆணைக்குழுவிடம் இன்ன கூற்றைத் தடைசெய்க என்று கட்டளையிடும் அதிகாரத்தை ஒப்படைத்தது. 2022 ஏப்ரல் 3ஆம் நாள், மக்கள் வீதிக்கு இறங்கியபோது முகநூலையும் வட்ஸ்அப்பையும் ஒருசேர முடக்கிய அரசு இந்நாட்டு அரசு. 2007இல் 'தமிழ்நெற்' தளத்தை அடைத்ததும் அதுவே. ஒரு கத்தரிக்கோலுக்கு மாற்றாக இன்னொன்றைப் பட்டறையில் தீட்டிக் கொடுப்பதை நான் ஆதரிக்கமாட்டேன்.

கம்பனிகளிடம் கேட்க வேண்டியவை பெரியனவுமல்ல. நீக்கினால், எந்த வரிக்காக, எந்த விதியின்கீழ் என்று தமிழில் எழுதட்டும். முறையீட்டைத் தமிழ் படிக்கத் தெரிந்த ஒரு மனிதர் படிக்கட்டும். நீக்கிய இடத்தில், நீக்கப்பட்டது என்ற குறிப்பேனும் எல்லோர் கண்ணுக்கும் நிற்கட்டும். பட்டியலை வெளியிடுமாறு அவர்களுடைய மேற்பார்வைச் சபையே 2021இற் சொல்லியிருக்கிறது, அதையும் செய்யட்டும். மாமிக்கு வேண்டியிருப்பது, கடிதத்தின் இடது மூலையில் எழுத ஒரு முகவரி.