ரங்கநாதன் தெருவில் ஒரு ஜீன்ஸ் வேட்டை!

மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்கினால் போதும், கூட்டமே நம்மை ரங்கநாதன் தெருவுக்குள் தள்ளிக்கொண்டு போய்விடும். நானும் அப்படித்தான் போனேன், ஒரு ஜீன்ஸுக்காக. முதல் சம்பளத்தில் ஆசையாக வாங்கியது, இரண்டே மாதத்தில் முட்டியில் பை மாதிரி தொங்கிவிட்டது.

மூன்று கடைகள் ஏறி இறங்கினேன். இடுப்பு சரியாக இருந்தால் தொடை பிடித்தது. தொடை சரியென்றால் இடுப்பில் கை நுழைந்தது.

விடை, பாண்டி பஜார் பக்கம் தையல் மெஷினோடு உட்கார்ந்திருந்த ஆல்டரேஷன் அண்ணனிடம் கிடைத்தது. "இடுப்பைப் பிடிச்சுடலாம்மா. தொடையை லூஸ் பண்ண உள்ளே துணி இருக்காது. தொடைக்குப் பார்த்து எடுங்க."

திரும்பிப் போய் லேபிளைப் படித்தேன். 98% காட்டன், 2% எலாஸ்டேன். எலாஸ்டேன் கூடினால் போட சுகம்தான். டிரயல் ரூமில் நிற்காதீர்கள். உட்கார்ந்து, குனிந்து பாருங்கள். வெந்நீரும் டிரையரும் எலாஸ்டேனுக்கு ஆகாது. உட்புறம் வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில் துவைத்து நிழலில் உலர்த்துங்கள்.

அண்ணன் இடுப்பைப் பிடித்துக் கொடுத்தார். முட்டி என்ன சொல்கிறதென்று இரண்டு மாதம் கழித்துச் சொல்கிறேன்!