ரோஜா பொறித்த காசு

கிரேக்கத் தீவுகளுள் ஒன்று ரோட்ஸ். கி.மு. 408-இல் அத்தீவின் மூன்று பழைய ஊர்கள் ஒன்றுகூடி, ரோட்ஸ் என்னும் புதிய நகரத்தை அமைத்தன. அந்நகரம் வெளியிட்ட வெள்ளிக் காசில் ஒரு பக்கம் கதிரவன் ஹீலியோஸின் முகம். மறு பக்கம் ஒரு ரோஜா. ஏன் ரோஜா தெரியுமா? கிரேக்க மொழியில் ரோஜாவின் பெயர் 'ரோடோன்'. ஊரின் பெயரையே மலராக்கிவிட்டார்கள்! எழுத்தறியாதவரும் பார்த்தவுடன் இன்ன ஊர்க் காசு என்று சொல்லிவிடலாம். எங்கள் குமாரபாளையத்தில் லுங்கிக்குப் படம் போட்ட சீட்டு ஒட்டுகிறார்களே, அதே யுக்திதான்.

கடலுக்கு அப்பால் நடந்த கதை என்று எண்ணிவிடாதீர்கள். ரோட்ஸ், கிரீட், தெசலி ஆகிய இடங்களின் காசுகள் கரூரில் கிடைத்திருக்கின்றன. நம் ஊரைத் தழுவி ஓடும் காவிரி, ஈரோடும் கொடுமுடியும் கடந்து சென்று, கரூரிலிருந்து வரும் அமராவதியைத் திருமுக்கூடலூரில் சேர்த்துக்கொள்கிறது. அந்த அமராவதியின் மணலைச் சலித்தவர்கள் கையில் எத்தனையோ பழங்காசுகள் அகப்பட்டன. 'தினமலர்' ஆசிரியராயிருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் கரூரில் கிடைத்த இத்தகைய அயல்நாட்டுக் காசுகளைப் பற்றியே 2000-ஆம் ஆண்டில் தனி நூல் வெளியிட்டார்.

பின்னர் வந்த ரோமானியரின் வெள்ளிக் காசுகளோ குவியலாகவே கிடைத்தன. கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842-இல் ஒரே புதையலில் 500-க்கும் மேல்! மிளகும் மணிக்கற்களும் வாங்க வந்த வெள்ளி அது. அக்காசுகளில் இருந்த முகங்களைச் சேர மன்னர்களும் பார்த்திருக்க வேண்டும். கரூரில் கிடைத்த ஒரு வெள்ளிக் காசில் ஒரு தலை. அதன் மேலே பழைய தமிழ் எழுத்தில் 'மாக்கோதை' என்ற பெயர். எனக்கு ரோஜாவைவிட இதுவே பிடித்திருக்கிறது. முகம் பொறிக்கும் வழக்கம் அயலாருடையது. பெயரும் எழுத்தும் நம்முடையவை.

ஆனால் வெள்ளிக்கு ஓர் ஆபத்து உண்டு. அதை எடை போடுவார்கள், பிறகு உருக்குவார்கள். மண்ணுக்குள் கிடைக்கும் 10 ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-லேயே சட்டம் வந்துவிட்டது. இருந்தும் மூசைக்குள் போன மாக்கோதைகள் எத்தனையோ!

சென்ற தை மாதம் எங்கள் வீட்டிலும் வெள்ளி உருகியது. அம்மாயி சேர்த்து வைத்திருந்த ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய்கள் ஏழையும் கொடுத்து எனக்குக் கொலுசு செய்வதென்று அம்மா முடிவு செய்தார்கள். கொலுசு எனக்கும் ஆசைதான். ஆயினும் ஒன்றை மட்டும் விட்டுவிடும்படி இரண்டு நாள் நச்சரித்தேன். "ராசா தலையை வெச்சு நீ என்ன கண்ணு பண்ணப் போற?" என்று சிரித்தார்கள் அம்மாயி. காசைத் தாளுக்கடியில் வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். தலை வந்தது, மறு பக்கம் 1918 என்று ஆண்டும் வந்தது. அம்மாயி தாளைக் கண்ணருகே பிடித்து வெகுநேரம் பார்த்தார்கள்.

ஆறு ரூபாய்கள் என் காலில் இருக்கின்றன. ஏழாவது அம்மாயியின் சுருக்குப் பையில் இருக்கிறது.