கரிசல் காட்டுப் பந்தல்

அருப்புக்கோட்டையை விட்டு எந்தத் திசையில் புறப்பட்டாலும் முதலில் நம் கண்ணை நிறைப்பது வானந்தான். மலை குறுக்கிடாத, சோலை மறைக்காத பெரிய வானம். அதன் கீழே கறுத்த மண். மழையை நம்பிப் போட்ட பருத்தி, மிளகாய், மல்லி. அவை கைவிட்ட இடமெல்லாம் சீமைக் கருவேல். கிழக்கே திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் போனால் அந்தக் கருவேலையும் வெட்டி, மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்றுப் பிழைக்கிறார்கள். வருஷத்துக்கு ஏறக்குறைய 800 மில்லிமீட்டர் மழை என்பது கணக்கு. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடும். அப்புறம் குண்டாற்று மணலையும் ஊருணித் தண்ணீரையும் பார்த்துக்கொண்டு காலம் தள்ள வேண்டியதுதான்.

திருச்சுழிக்கு அந்தப் பெயர் வந்த கதை வேடிக்கையானது. பிரளய வெள்ளம் பெருகி வந்தபோது சிவபெருமான் சூலத்தால் பூமியைத் துளைத்து, வெள்ளம் அத்தனையும் சுழித்து உள்ளே போகும்படி செய்தாராம். அந்த வெள்ளத்தில் ஒரு குடமாவது மேலே மிச்சம் வைத்திருக்கக் கூடாதா என்று கேட்கத் தோன்றுகிறது. சுந்தரர் பாடிய ஸ்தலம் அது. ஆகையால் அபசாரமாகப் பேசாமல் மேலே நடப்போம்.

இத்தகைய சீமையில், வழிப்போக்கருக்குத் தண்ணீரும் நிழலும் கொடுப்பதைக் கைங்கரியமாக ஏற்றுக்கொண்ட சிலரோடு ஒரு நாளைக் கழிக்க நாம் போயிருந்தோம். தைப்பூசத்துக்குச் சில நாட்கள் முன்பு அது. மதுரையிலிருந்தும் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்தும் பச்சை வேஷ்டியும் பச்சைப் புடவையும் உடுத்திய ஜனங்கள் திருச்செந்தூருக்குக் கால்நடையாகப் போகும் சமயம். அருப்புக்கோட்டையிலிருந்து செந்தூர் ஏறக்குறைய 125 கிலோமீட்டர். தூத்துக்குடிச் சாலையில், பந்தல்குடிக்குப் போகும் வழியில், தென்னங்கீற்று வேய்ந்த ஒரு பெரிய கொட்டகை. பந்தல்குடி என்ற பெயருக்கும் பந்தலுக்கும் என்ன உறவு என்பதை ஆராய்ச்சிக்காரர்களுக்கு விட்டுவிடுகிறோம்.

இந்தப் பந்தலுக்குத் தலைவர், காரியதரிசி என்று யாரும் கிடையாது. கைத்தறி நெய்கிறவர் ஒருவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், கரிமூட்டத்தில் வேலை செய்யும் நாலைந்து பேர், காலேஜில் படிக்கும் பையன்கள் சிலர். யாருக்கும் சம்பளமில்லை. ஒருவர் அரிசி கொடுத்திருக்கிறார், ஒருவர் விறகு, ஒருவர் பாத்திரம். ஆனால் எந்தச் சந்தேகம் வந்தாலும் எல்லோரும் ஒரு மூதாட்டியின் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். "ஆத்தா" என்று கூப்பிடுகிறார்கள். அந்த அம்மாளுக்கு எழுபது வயதுக்குக் குறையாது.

காலை மூன்று மணிக்கே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. தை மாதப் பனி. சுக்கும் மல்லியும் கருப்பட்டியும் கொதிக்கும் வாசனை சாலையின் அந்தப் பக்கத்திலேயே மூக்கைத் துளைத்தது. வெயிலுக்குப் பயந்து இரவில் நடப்பவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து, நின்றபடியே இரண்டு வாய் குடித்துவிட்டு, "அரோகரா" என்று நகர்ந்தார்கள். விடிந்த பிறகு வருகிறவர்கள் அப்படியல்ல. வந்ததும் கால்களை நீட்டி உட்கார்ந்துவிடுவார்கள். வெந்நீர், நல்லெண்ணெய், தைலம் எல்லாம் அவர்களுக்காகத் தயாராக இருந்தன. செருப்பில்லாமல் தார்ச் சாலையில் நடந்த பாதங்களைப் பார்க்க நமக்குத் துணிவு வரவில்லை. நெசவாளர் கொஞ்சங்கூட முகம் சுளிக்காமல் ஒவ்வொரு காலாகத் துடைத்து எண்ணெய் தடவினார். "நூலைத் தொட்டுத் தொட்டு இந்தக் கைக்கு மெதுவாத் தொடத் தெரியும், அண்ணாச்சி" என்றார் நம்மிடம்.

விருந்தோம்பல் என்றால் சமைத்துப் போடுவது என்று எண்ணிக்கொண்டு போனோம். சமையல் இவர்களுடைய வேலையில் கால் பங்கு கூட இல்லை. பெரிய வேலை தண்ணீர்க் கணக்கு. கிட்டத்திலுள்ள ஆழ்குழாயில் வருவது உப்பு நீர். கால் கழுவத்தான் ஆகும். குடிக்க லாரியில் நல்ல தண்ணீர் வரவேண்டும். ஆத்தா மணிக்கொரு தரம் மூங்கில் கழியைத் தொட்டிக்குள் விட்டு, ஈரம் ஏறிய இடத்தை விரலால் அளந்து பார்க்கிறாள். அன்று காலை பத்து மணிக்கு வரவேண்டிய லாரி ஒரு மணி வரையில் வரவில்லை. கழியில் ஈரம் நாலு விரற்கடைக்கு இறங்கிவிட்டது. பையன்கள் டெலிபோனில் யாரையோ கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். ஆத்தா பேசவில்லை. சமையலை நிறுத்தச் சொன்னாள். சோற்றுக்கு வைத்திருந்த தண்ணீரைக் குடிதண்ணீர்ப் பானைகளில் ஊற்றச் சொன்னாள். "சோறு அடுத்த பந்தல்ல கிடைக்கும். தாகம் அதுவரை பொறுக்காது" என்பது அவள் தீர்ப்பு. இரண்டேகாலுக்கு லாரி வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகுதான் உலை வைத்தார்கள்.

அந்தத் தவிப்பான நேரத்தில் இன்னொன்று நடந்தது. புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், வந்த கூட்டத்தாரிடம் ஊரை விசாரித்தான்; சொன்னார்கள். "அந்த ஊர்ல எந்தத் தெரு?" என்று அடுத்த கேள்வி போட்டான். கூட்டத்தில் பெரியவராக இருந்தவர் கையில் வாங்கிய டம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். குடிக்கவுமில்லை, பதில் சொல்லவுமில்லை. ஆத்தா அங்கிருந்தே, "ஏலே, ஊரைக் கேளு. தெருவைக் கேக்காதே" என்றாள். பிறகு பெரியவரிடம், "நீங்க குடிங்க சாமி" என்றாள். அவர் குடித்தார்.

நம் கிராமங்களில் தெருவைக் கேட்பதன் அர்த்தம் நேயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்தச் சீமைக்கு அது பழைய ரணம். கமுதி இங்கிருந்து அதிக தூரமில்லை. அந்த ஊர்க் கோயிலுக்குள் நுழைய நாடார்களுக்கு உரிமையில்லை என்று 1908-ஆம் வருஷம் லண்டன் பிரிவி கவுன்சில் வரையில் போய்த் தீர்ப்பாயிற்று. மதுரை மீனாக்ஷி கோயிலில் வைத்தியநாதய்யர் தலைமையில் ஆலயப் பிரவேசம் நடந்தது 1939-ல்தான்.

கோயில் கதவே சாத்தியிருந்த காலத்தில், பருத்தியும் கருப்பட்டியும் ஏற்றிய வண்டியோடு வழியில் இரவு தங்க இடம் யார் கொடுப்பார்கள்? அதனால் பிறந்ததுதான் பேட்டை. அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, விருதுநகர், சாத்தங்குடி, சிவகாசி, திருமங்கலம் ஆகிய இடங்களில் நாடார் வியாபாரிகள் மதில் சூழ்ந்த பேட்டைகளை ஏற்படுத்தினார்கள். உள்ளே வண்டி நிறுத்த இடம், மாட்டுக்குத் தண்ணீர், சரக்குக்குப் பாதுகாப்பு, மனிதருக்குப் படுக்கத் திண்ணை. கொண்டுவரும் சரக்கின் பேரில் வசூலித்த 'மகமை' என்னும் சிறு தொகை பொதுச் செலவுக்குப் போயிற்று. பிற்பாடு அதிலிருந்தே பள்ளிக்கூடங்களும் எழுந்தன. பேட்டை தன் ஜனத்துக்காக ஏற்பட்டது. மற்றவர்கள் கதவைச் சாத்தினபோது வேறு வழியில்லை. இன்றும் சாலை நெடுக ஜாதிக்கொரு பந்தல் போடுகிறவர்களுக்கு அந்தச் சமாதானம் சொல்ல முடியுமா என்பதுதான் நம் சந்தேகம்.

திருச்சுழியில் இன்னொரு வீடு உண்டு. சுந்தரமய்யர் என்ற வக்கீல் அதைக் கட்டினபோது இரண்டு பகுதியாகக் கட்டி, ஒன்றைக் குடும்பத்துக்கும் மற்றொன்றை வரும் விருந்தினருக்கும் வைத்தாராம். மாதம் இரண்டு ரூபாய்ச் சம்பளத்தில் வாழ்க்கையைத் தொடங்கிய மனிதர் அவர். ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் அவர் வீட்டில்தான் இறங்குவார்கள். அழகம்மாள் சமைத்துப் போடுவார். 1892-ல் அவர் காலமானதும் குடும்பம் கலைந்தது. 1879-ல் அங்கே பிறந்த பிள்ளைதான் பிற்காலத்தில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷி ஆனார். வீடு இப்போது சுந்தர மந்திரம் என்ற பெயரில் ரமணாசிரமத்தாரின் பராமரிப்பில் இருக்கிறது. மகரிஷி பிறந்த இடத்தை வணங்கிவிட்டு வருகிறவர்கள், வீட்டில் பாதியை வழிப்போக்கருக்குக் கொடுத்த தந்தையையும் ஒரு கணம் நினைக்கலாம்.

பந்தலுக்குத் திரும்புவோம். பிற்பகலில் நூறு பேருக்கு மேல் வரிசையாகத் தூங்கினார்கள். பையன்கள் மூட்டைகளுக்குக் காவல் இருந்தார்கள். ஒரு பலகையில் இருபது செல்போன்கள் மின்சாரம் குடித்துக்கொண்டிருந்தன. எது யாருடையது என்று வாத்தியார் சீட்டு எழுதி ஒட்டியிருந்தார். அவர் வகுப்பு நடத்திய லக்ஷணம் அதிலேயே தெரிந்தது. சாப்பிட்ட இலைகளையும் காகிதக் குவளைகளையும் பொறுக்கச் சாக்கோடு புறப்பட்டவரும் அவரே. 2019 ஜனவரி முதல் பிளாஸ்டிக் குவளைக்குத் தடை என்றாலும், சாலையோரக் கருவேல முள்ளில் அது இன்னும் பூத்துக் கிடக்கிறது. அரை மைல் தூரம் போய்வந்தார்.

பொழுது சாய்ந்ததும் தூங்கினவர்கள் எழுந்து புறப்படத் தயாரானார்கள். அப்போதுதான் இந்தப் பந்தலின் மிக முக்கியமான காரியம் தொடங்கியது. நாலு வழிச் சாலை. லாரிகள் பறக்கின்றன. இருட்டில் ஓரமாக நடக்கும் மனிதர் டிரைவர் கண்ணுக்குத் தெரிவதேயில்லை. ஆகவே ஒவ்வொருவர் முதுகுப் பையிலும், பையில்லாதவர் சட்டையிலும், வெளிச்சம் பட்டால் மினுங்கும் சிவப்புத் தாளை ஒட்டியனுப்புகிறார்கள். தாள் ஒட்டாமல் நழுவப் பார்த்த ஒரு வாலிபனை ஆத்தா கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"முருகன் பாத்துக்குவான், ஆத்தா."

"முருகன் பாப்பான். லாரிக்காரனும் பாக்கணுமில்ல!"

ஒட்டிக்கொண்டுதான் போனான். வாத்தியார் டார்ச்சு விளக்கை அடித்தார். தெற்கே நடக்கும் முதுகுகள் ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புப் பொட்டு எரிந்தது.

"பூசத்துக்குச் செந்தூர் போனதுண்டா?" என்று ஆத்தாளைக் கேட்டோம்.

"பஸ்ஸிலே போய்க் கும்பிட்டிருக்கேன், ஐயா. பூசத்துக்குப் போனதில்லை. பூசத்துக்கு இங்கேல்ல வேலை!" என்றவள், பேச்சை நிறுத்திவிட்டுக் கழியை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனாள். வடக்கே அடுத்த கூட்டத்தின் மேளச் சத்தம் கேட்டது.