நாலு மூலையும் ஒரே இழுவை

வடமராட்சியில் பிறந்தவனுக்குப் பட்டக் காலம் என்றால் தை மாதமும் வாடைக்காற்றும். பொங்கலன்று வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் ராட்சதப் பட்டங்கள் ஏறுகிற அதே நாட்களில் மட்டக்களப்பில் மழை கொட்டும். வாவி கரை முட்டி நிற்கும். அங்கே பட்டத்துக்கு உரியது கச்சான். வைகாசி தொட்டு ஆவணி வரை, காய்ந்த நிலத்தின் சூட்டைச் சுமந்துகொண்டு மேற்கிலிருந்து அடிக்கும் காற்று அது. ஆகவே நான் கல்லடிக்குப் போனதும் ஆனி மாத வெயிலில்தான்.

மேற்கே வாவி, கிழக்கே கடல், நடுவில் ஒடுங்கிய மணல் நிலம்: அதுதான் கல்லடி. 1924இல் வந்த இரும்புப் பாலமும் பிற்காலத்தில் அதன் பக்கத்திலேயே எழுந்த புதுப் பாலமும் அதை மட்டக்களப்பு நகரத்தோடு சேர்க்கின்றன. கச்சான் வாவித் தண்ணீரின் மேலாகச் சீராக வந்து, கரையேறியதும் வீடுகளிலும் தென்னைகளிலும் முட்டிக் குழம்பி, அதற்குப் பிறகே கடற்கரையில் இறங்குகிறது. கடற்கரை மணலில் நின்று பட்டம் விடுகிறவர்களுக்கு இதனால் இரண்டு தொல்லை. தென்னை உயரத்தைத் தாண்டும்வரை காற்று சுழன்று சுழன்று அடிக்கும். நூல் அறுந்தாலோ பட்டம் நேரே வங்கக் கடலுக்குத்தான். இரண்டாவதற்கு மருந்தில்லை. முதலாவதற்கு வழி தேடிய இளைஞர்கள் சிலர் பெட்டிப் பட்டத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அதற்கு வால் தேவையில்லை. குழம்பிய காற்றிலும் அதிகம் தலை ஆட்டாமல் ஏறும்.

அந்த வடிவத்தை 1893இல் கண்டவர் அவுஸ்திரேலியாவில் வாழ்ந்த லோரன்ஸ் ஹார்கிரேவ். மறு ஆண்டு நவம்பர் 12ஆம் திகதி ஸ்டான்வெல் பார்க் கடற்கரையில் நான்கு பெட்டிப் பட்டங்களை ஒரே கயிற்றில் கோத்து, அதில் தானே தொங்கி 16 அடி உயரம் எழும்பினார். காப்புரிமை எடுக்கவில்லை, விரும்புகிறவர்கள் செய்யட்டும் என்று விட்டுவிட்டார். நான்கு நெடுந்தடிகள், அவற்றின் இரு முனைகளிலும் துணியாலான இரண்டு பெட்டிகள், ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் குறுக்கும் மறுக்குமாகப் பெருக்கல் குறி போல நிற்கும் தடிகள். இவ்வளவுதான் அந்தப் பட்டம். பெட்டியின் அகலத்தையும் இரண்டு பெட்டிகளுக்கு நடுவிலுள்ள வெறுமையையும் ஏறக்குறைய ஒன்றாக வைப்பது வழக்கம்.

இளைஞர்கள் என்னைக் கூட்டிப்போனது ஒரு தையல் வீட்டுக்கு. விறாந்தையில் மிதி மெசின் ஒன்று, மோட்டர் பூட்டிய மெசின் ஒன்று. பாடசாலைப் பிள்ளைகளின் வெள்ளை உடுப்புத்தான் அங்கே தைக்கிற அக்காவுக்குப் பிரதான தொழில். வருடத் தொடக்கத்தில் மூச்சு விட நேரம் இருக்காது. ஆனி ஆடியில் கை ஓயும். அந்த ஓய்வில்தான் பட்டம் உள்ளே வந்திருக்கிறது. பெட்டிப் பட்டத்தின் படத்தை இளைஞர்கள் முதன்முதலில் காட்டியபோது என்ன சொன்னீர்கள் என்று அக்காவிடம் கேட்டேன்.

“என்னத்தச் சொல்ற தம்பி. சாரம் மூட்டுற வேலதானே எண்டன். ரெண்டு சாரம், கட்டையான சாரம். அதுக்குள்ள நாலு தடி போகணும். அவ்வளவுதான்.”

அதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை. ஒரு நீளத் துணி, இரண்டு தலைப்பையும் மூட்டினால் வளையம். அந்த வளையத்துக்குள் நான்கு இடங்களில் தடியை நிறுத்திக் குறுக்குத் தடியால் விரித்தால் பெட்டி. ஆனால் சாரத்தில் ஓர் அங்குலம் கூடினாலும் இடுப்பில் செருகிக்கொள்ளலாம். பட்டத்தில் அந்த ஓர் அங்குலத்தை மறைக்க இடமில்லை. அது அப்படியே காற்றில் தெரியும்.

முதலில் துணி. இளைஞர்களுக்கு ஆசை, மருதமுனைக் கைத்தறித் துணியில் செய்யவேண்டும் என்று. ஊர்த் துணியில் ஊர்ப் பட்டம் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கல்முனை வீதியால் தெற்கே போய், மருதமுனையில் ஒரு தறிக்காரரைச் சந்தித்தோம். சாரமும் சேலையும் நெய்கிறவர். நாங்கள் கேட்டதும் சிரித்துவிட்டு, தறியிலிருந்த பருத்தித் துணியின் ஓரத்தை உதட்டில் வைத்து ஊதிக் காட்டினார். காற்று அப்பாலே போனது. “உடம்புக்குக் காத்துப் போகணும் எண்டுதான் இத நெய்யிற. உங்களுக்குப் போகக் கூடாது” என்றார். வந்த காரியம் அத்தோடு முடிந்தது. எடையிலும் அது தோற்கும். பருத்திக் கைத்தறி சதுர மீற்றருக்கு 100 கிராமைச் சுலபமாகத் தாண்டும். வெளிநாடுகளில் பட்டத்துக்கென்று விற்கிற ரிப்ஸ்டாப் நைலோன் 40 கிராம் அளவில் நிற்கும். ரிப்ஸ்டாப்பில் சில மில்லிமீற்றருக்கு ஒரு தடித்த இழை கட்டம் கட்டமாக ஓடும். கிழிசல் ஓர் இழையில் தொடங்கினாலும் அடுத்த கட்டத்தில் தடைப்படும்.

போன பயணம் வீண் அல்ல. தறிக்காரர் வேறொன்றைச் சொல்லித்தந்தார். துணியை நீளவாக்கில் பிடித்து இழுத்தார், பிறகு அகலவாக்கில், பிறகு மூலைக்கு மூலை. பாவு ஓடும் திசையில் துணி கொஞ்சமும் விட்டுக்கொடுக்கவில்லை. ஊடையின் திசையில் சற்றே இளகியது. மூலைவாட்டில் பிடித்தபோது சப்பென்று நீண்டது. கஞ்சி போட்டு இறுக்கி இழுத்துக் கட்டிய பாவில்தான் நெசவே நடக்கிறது. அது ஏற்கெனவே இழுபட்ட நூல் என்பது அவர் விளக்கம். பட்டத்தின் வளையத் துணியைப் பாவின் திசையிலேயே வெட்டவேண்டும் என்ற பாடம், நைலோன் எதையும் நெய்யாத அந்தத் தறியிலிருந்து வந்தது.

கடைசியில் எடுத்தது பொலியெஸ்டர் குடைத் துணி. நகரத்துத் துணிக்கடையில் மீற்றர் கணக்கில் வாங்கலாம். பழைய குடைகளைப் பிரித்தெடுக்கலாமே என்று ஒருவர் சொன்னார். வெயிலில் கிடந்து பூச்சு வெடித்த துணி அது; போதாததற்கு எட்டும் முக்கோணத் துண்டுகள், ஒவ்வொன்றின் ஓரமும் மூலைவாட்டு வெட்டு. தறிக்காரர் காட்டியதைப் பார்த்த பிறகு அதை யாரும் திரும்பப் பேசவில்லை. நைலோனா பொலியெஸ்டரா என்பதில்தான் வாக்குவாதம். நைலோன் பலமானது, உண்மை. ஆனால் தன் எடையில் 4 சதவீதம் அளவுக்கு ஈரத்தை உறிஞ்சும். ஈரம் பிடித்தால் தளரும். பொலியெஸ்டர் அரைச் சதவீதம்கூடக் குடிப்பதில்லை. கடலும் வாவியும் இருபுறமும் கிடக்கிற கல்லடியில், மத்தியானம் விறைப்பாக இருந்த நைலோன் பொழுதுபடத் தொய்ந்து படபடக்கத் தொடங்கும். என் ஓட்டு பொலியெஸ்டருக்குத்தான்.

வெட்டுக் கணக்கு இப்படி. பெட்டியின் ஒரு பக்கம் 50 சென்ரிமீற்றர், நாலு பக்கமும் 200. மூட்டுவதற்கு 4 சேர்த்து 204 நீளம். பெட்டியின் அகலம் 45. இரண்டு ஓரத்திலும் இரட்டை மடிப்புக்கு 4 சேர்த்து 49. குடைத் துணியின் பன்னா 150 சென்ரிமீற்றர் என்பதால், நீளவாக்கில் மூன்று துண்டு விழும். இரண்டு துண்டு பட்டத்துக்கு, ஒன்று கைக்காவல். இரண்டு துண்டும் ஒரே துணியில், ஒரே திசையில், அடுத்தடுத்து வெட்டியவையாக இருக்கவேண்டும் என்பதில் அக்கா விடாப்பிடி. நிறம் எடுப்பாக இருக்கவேண்டும் என்று மேல் பெட்டிக்குச் சிவப்பும் கீழ்ப் பெட்டிக்கு மஞ்சளும் கேட்டவர்களை அவர் மறித்தார். இரண்டு நிறம் என்றால் இரண்டு துணி. இரண்டு துணி என்றால் இரண்டு இழுவை.

வெட்டியது கத்தரிக்கோலால் அல்ல. கண்ணாடித் தட்டின்மேல் துணியை விரித்து, ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலால் இரும்பு மட்டத்தை ஒட்டிக் கீறினார்கள். ஓரம் உருகி ஒட்டிக்கொள்ளும், இழை பிரியாது. மீனவர்கள் நைலோன் கயிற்றின் நுனியை நெருப்பில் காட்டி உருக்குவார்களே, அதே வித்தைதான். குண்டூசி குத்தவும் அக்கா விடவில்லை. பருத்தியில் ஊசித் துளை கழுவினால் மூடும். பூச்சுப் பூசிய துணியில் போட்ட துளை போட்டதுதான். மடிப்புகளை உடுப்புக் கொழுவும் கிளிப்பால் பிடித்தார்.

இனித்தான் தையல். பதினோராம் நம்பர் ஊசி, பொலியெஸ்டர் நூல். பருத்தி நூல் உப்புக் காற்றில் உழுத்துப்போகும். தையலின் நீளம் 3 மில்லிமீற்றருக்குக் குறையாமல் வைத்தார். சேட்டுக்கு நெருங்கிய தையல் அழகு. இங்கே நெருங்கினால் துளைகள் கோடு பிடித்து, பலத்த காற்று அந்தக் கோட்டிலேயே துணியைக் கிழித்துவிடும். வளையத்தை மூட்டியது சேட்டின் பக்கத்தில் போடுவதுபோல, இரண்டு தலைப்பையும் ஒன்றுக்குள் ஒன்று மடித்து இரண்டு ஓட்டு. ஒற்றைத் தையலில் இழுவை முழுவதும் நூலின்மேல் விழும். மடித்துப் போட்டால் துணியும் துணியைப் பிடித்துக்கொள்ளும். மூட்டு வரும் இடத்தையும் அக்கா யோசித்தே வைத்தார்: தடி போகும் மூலையில். அங்கே எப்படியும் துணி தடிக்கும். எடையும் முரடும் ஒரே இடத்தில் ஒதுங்கட்டும் என்று.

ஓர மடிப்புத் தைத்ததும் துணி சற்றே சுருங்கும். நூலின் இழுவை அது. அதனால் தடி போகும் மூலைகளை முன்கூட்டிக் குறிக்கவில்லை. ஓரமெல்லாம் தைத்து முடித்து, வளையத்தையும் மூட்டிய பிறகு, அக்கா அளவு நாடாவை எடுப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எடுக்கவில்லை. வளையத்தை மூட்டில் பிடித்து இரண்டாக மடித்தார், எதிர் மூலை கிடைத்தது. அந்த இரண்டு மூலையையும் ஒன்றோடொன்று சேர்த்து மறுபடி மடித்தார், மற்ற இரண்டும் கிடைத்தன. நகத்தால் அழுத்திக் கோடு போட்டார். பாவாடை இடுப்பில் இலாஸ்டிக்கை நாலாகப் பங்கிடுகிற அதே முறை. நாடாவில் நாலு தடவை அளந்தால் நாலு தடவையும் ஒரு நூலளவு தவறும். மடித்தால் தவறுவதற்கு வழியே இல்லை. பிறகு முதல் வளையத்தை இரண்டாவதன் மேல் வைத்துப் பார்த்தார். அரை விரற்கடை கூடுதல். பேசாமல் பிரித்தார்.

“பலமாத் தைச்சாப் போதும் எண்டு இவனுகள் நினைக்கிற. பலம் பிறகு. நாலு மூலையும் ஒரே மாதிரி இழுக்கணும். ஒரு மூலை தொய்ஞ்சா மற்ற மூண்டும் பலமா இருந்து என்ன? வெள்ளச் சட்டையில பிளீட் பிடிச்ச கைக்கு இது தெரியும்.”

இதில் அவருக்குத் தலைக்கனம் கொஞ்சம் உண்டு; அதற்கு உரித்தும் உண்டு. பட்டம் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்பிள்ளைகள். தடியைப் பற்றியும் நூலைப் பற்றியும் மணிக்கணக்காகப் பேசுவார்கள். துணியின் சீரைப் பற்றிப் பேச அங்கே ஒரே ஓர் ஆள்தான் இருந்தார்.

தடி மூங்கில். தோல் பக்கத்து நார்தான் இறுக்கம் என்பதால் உட்பக்கத்தைச் சீவி எடுத்து, நடுவில் விரலில் நிறுத்தி எடையைச் சரிபார்த்தார்கள். 50 சென்ரிமீற்றர்ப் பெட்டிக்கு மூலைவிட்டம் 70.7, குறுக்குத் தடியை அதைவிடச் சற்று நீளமாக வெட்டி, நுனியில் கவை எடுத்து, லேசாக வளைத்துப் பொருத்தினால் துணி விறைக்கும். நூலுக்குத் தங்கூசி வேண்டாம் என்று தோணிக்கார ஐயா ஒருவர் சொல்லிவிட்டார். மீன் துள்ளும்போது நீண்டு கொடுப்பதுதான் அதன் குணம், பட்டத்துக்கு அது ஆகாது, கையையும் அறுக்கும். வலை பின்னும் முறுக்கு நூலைத் தந்தார். முச்சை ஒரே தடியில், மேல் பெட்டியிலும் கீழ்ப் பெட்டியிலுமாக இரண்டு கால்.

பின்னேரம் கடற்கரையில் அது ஏறியதைப் பார்த்தேன். தென்னை உயரத்தில் இரண்டு மூன்று தடவை உலைந்தது; அதைத் தாண்டியதும் நூல் விண்ணென்று இறுகி, பட்டம் நின்ற இடத்தில் நின்றது. இளைஞர்களுக்கு உடனே அடுத்ததன்மேல் கண் போய்விட்டது. இதை இரண்டு மடங்கு பெரிதாக்கினால் என்ன?

அந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியவர் தொலைபேசி கண்ட அலெக்சாண்டர் கிரஹாம் பெல். பட்டத்தை இரட்டித்தால் துணியின் பரப்பு நாலு மடங்கு, எடையோ எட்டு மடங்கு. எனவே பெரிதாக்காதே, பெருக்கு என்று முடிவெடுத்தார். நான்முகி வடிவான சின்னஞ்சிறு அறைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு முகத்துக்கு மட்டும் பட்டுத்துணி. கனடாவில் அவர் வீடு இருந்த பாடெக் ஊரின் பெண்கள் அந்தப் பட்டைத் தைத்துக்கொடுத்தார்கள். 3,393 அறைகள் கொண்ட ‘சிக்னெட்’ 1907 டிசம்பர் 6ஆம் திகதி பிராஸ் டோர் ஏரிக்கு மேலே தோமஸ் செல்பிரிட்ஜ் என்ற இராணுவ அதிகாரியைச் சுமந்துகொண்டு 168 அடி ஏறியது. ஏறிய மனிதரின் பெயரும் பெல்லின் பெயரும் எல்லாப் புத்தகத்திலும் இருக்கின்றன.

பெல்லின் கதையை விறாந்தையில் சொன்னபோது, இளைஞர்கள் ஆறு பெட்டி கொண்ட பட்டம் ஒன்றைத் தாளில் கீறத் தொடங்கிவிட்டார்கள். அக்கா தாளை வாங்கி மூலைகளை எண்ணினார். பெட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டுகிற இடத்தில் மூன்று துணி சேருகிறது. அங்கே மிதி மெசின் ஏறாது, மோட்டர் மெசின்தான் வேண்டும். இதுவரைக்கும் சட்டை தைத்த கணக்கில்தான் கூலி வாங்கியிருக்கிறார். இனி மூலைக்கு இவ்வளவு என்று பேசவேண்டும் என்றார்.

“அக்கா, சும்மா பொழுதுபோக்குத்தானே இது.”

“உங்களுக்குத்தான் மனே பொழுதுபோக்கு. பிரிச்சுத் தைச்சா அதுக்கும் காசு.”

அவர்கள் தாளில் இரண்டு பெட்டியை வெட்டிவிட்டு, மூலைகளை மறுபடி எண்ணிக்கொண்டிருந்தார்கள்.