கூசமோ வனத்தில் ஓர் இரவு

பின்லாந்தின் வடகிழக்கே, ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றுத் தெற்கில், ருஷ்ய எல்லையை ஒட்டிக் கிடக்கும் கூசமோப் பிரதேசத்துக்கு ஒரு ஜூன் மாதத்தில் நான் சென்றதற்கு, அங்கேயே வாழ்ந்து, கூக்கெலி என்னும் செம்பழுப்பு வாலுடைய காட்டுப் பறவையையும் பொன்னிறக் கழுகையும் அலுப்பின்றிப் படம்பிடித்த ஹன்னு ஹௌதலாவின் புகைப்படங்களே காரணம்.

முதலில், 1956-ல் நிறுவப்பட்ட ஔலங்கா தேசியப் பூங்காவுக்குப் போனோம். அதன் சின்னமாகவே விளங்கும் கலிப்ஸோ ஆர்க்கிட், ஒரே இலையும் ஒரே பூவுமாக, ஒரு சாண் உயரங்கூட எட்டாமல், ஸ்புரூஸ் மரங்களின் அடியில் ஈரப்பாசியிலிருந்து எழுந்து நிற்கிறது. ரோஜா நிற இதழ்களும் பாதரட்சை போன்ற உதடும் கொண்ட அம்மலரில் தேன் என்பதே கிடையாது. அனுபவமில்லாத இளம் வண்டுகள் அழகை நம்பி வந்து, வெறுங்கையோடு மகரந்தத்தைச் சுமந்து போகின்றன. எங்களை அழைத்துச் சென்ற முதியவர், தடத்தை விட்டு ஓரடி விலகினாலும் இன்னும் மலராத செடி நசுங்கும் என்று எச்சரித்ததால், தடத்தின் மேலேயே குப்புறப் படுத்து, மெல்லிய காம்பின் நடுக்கம் ஓயும் கணத்துக்காக ஒரு மணிக்கும் மேலாகக் காத்திருந்தேன்.

மாலை ஐந்து மணிக்கு, கரடிகளைப் படம்பிடிப்பதற்காக, அம்முதியவர் தம் கையாலேயே கட்டிய பலகைக் குடிலுக்குள் அறுவர் புகுந்தோம். காலை ஏழு மணி வரை வெளியே வரலாகாது. வாசனைத் தைலமோ உரத்த பேச்சோ கூடாது. துணியுறையின் வழியே லென்ஸின் முனை மாத்திரம் வெளியே நீளலாம். கரடியின் நாசி அத்தனை கூர்மையானது. பனிக்காலத்தில் கூரையைச் செப்பனிடுவதும், நாங்கள் வருமுன்னே மீன் துண்டுகளைச் சுமந்துபோய்க் கற்களுக்கடியில் ஒளிப்பதும் அவருடைய வேலை. நாங்கள் அழுத்தும் பொத்தானைவிட அந்தச் சுமையே இத்தொழிலில் பெரிது என்று எனக்குப் பட்டது. காட்டு மிருகத்துக்கு இரை வைப்பது தகுமா என்று கேட்டேன். தேடிக் கண்டுபிடிக்கும் அளவே வைப்பதாகச் சொன்னார். என் மனம் முழுச் சமாதானம் அடையவில்லை; ஆயினும் அனுமதிச் சீட்டின் பேரில் கரடி வேட்டை நடக்கும் ஒரு நாட்டில், உயிரோடிருக்கும் கரடியினால் ஒரு குடும்பம் பிழைப்பதை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன்.

நள்ளிரவை நெருங்கியும் இருளவில்லை. சருகொன்றும் நொறுங்காமல், மரங்களுக்கிடையே நிழல் கனத்து உருவானதுபோல், ஒரு தாய்க்கரடி வந்து நின்றது. பின்னால் இரண்டு குட்டிகள். முதல் காமெராவின் ஒலிக்கே அது தலை தூக்கியது. அறுவரும் கையை எடுத்துவிட்டோம். அது மறுபடி குனியும்வரை ஒருவரும் மூச்சைக்கூட உரக்க விடவில்லை. குட்டிகளோ பைன் மரத்தில் ஏறி, இறங்கி, விளையாடின. அந்த மங்கிய ஒளியில் எடுத்தவற்றில் பெரும்பாலானவை கலங்கியே போயின.

காலையில் கதவைத் திறந்த முதியவர், படங்களைப் பற்றிக் கேட்கவில்லை.

“குட்டிகள் எத்தனை வந்தன?”

இரண்டு என்றேன்.

“போன வாரம் மூன்று இருந்தன” என்றவர், சட்டைப் பையிலிருந்து சிறு குறிப்புப் புத்தகத்தை எடுத்து, தேதியைப் போட்டு எழுதிக்கொண்டார்.